தாச்சியில் வறுத்த மண்

என் மகளுக்கு நெடுந்தீவில் திரியும் காட்டுக்குதிரையின் படம் வேண்டும். யாழ்ப்பாணத்துக்கு ஒரு வார மண் பரிசோதனைப் பயிற்சிக்குப் போகிறேன் என்றதும் அவள் கேட்டது அது ஒன்றுதான். பயிற்சி முடிந்தபின் மூன்று நாள் கையில் இருந்தது. மூன்று நாளில் ஒரு குதிரையைப் பார்க்க முடியாதா என்ன என்று நினைத்தேன். முடியவில்லை.

புதன்கிழமை காலை, நெடுந்தீவுப் படகு புறப்படும் குறிகாட்டுவானுக்குப் போகிற பஸ்ஸில் ஏறினேன். கூட வந்தவர் குகன். பயிற்சியில் எனக்குப் பக்கத்து நாற்காலி. தீவுப் பகுதியில் விவசாயப் போதனாசிரியர். ஜன்னலோர இடத்தை எனக்குக் கொடுத்துவிட்டு, "கடலைப் பாருங்கோ" என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மண் பரிசோதனைக் கூடத்தில் இருபது வருடம் வேலை பார்த்தால் இந்த வியாதி வந்துவிடும். நான் குனிந்த தலையோடு நடப்பதை அடக்கம் என்று நம்பித்தான் மாமனார் பெண் கொடுத்தார்.

முந்தைய நாட்களில் குடாநாட்டுத் தோட்டங்களைக் காட்டியிருந்தார்கள். வெங்காயமும் புகையிலையும் நிற்கிற நிலம் ரத்தச் சிவப்பு. அதை அங்கே செம்பாடு என்கிறார்கள். எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. உடன்குடிப் பக்கம் எங்கள் தேரி மண்ணும் இதே நிறம்தான், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனால் வீட்டில் திட்டு விழும். ஆனால் பண்ணைப் பாலத்தில் பஸ் கடலைத் தாண்டியதும் சிவப்பு நின்றுபோனது. தீவு மண் வெளிறிய மஞ்சளாகவும் சாம்பலாகவும் கிடந்தது.

அல்லைப்பிட்டியில் டயர் வெடித்தது. மாற்று டயரைக் கழற்றினால் அதிலும் காற்றில்லை. மாதா கோயில் மதில் நிழலில் எல்லோரும் உட்கார்ந்தோம். யாரும் சத்தம் போடவில்லை. எங்கள் ஊராக இருந்தால் இந்நேரம் ஓட்டுநரின் முன்னோர் மூன்று தலைமுறையும் வெளியே வந்திருப்பார்கள். இங்கே ஒரு அம்மா பையைத் திறந்து எல்லோருக்கும் பனங்காய்ப் பணியாரம் கொடுத்தார். எதிரே வந்த பஸ்காரர் தன் மாற்று டயரைக் கழற்றிக் கொடுத்தார். குறிகாட்டுவானுக்குப் போய்ச் சேர்ந்தபோது நெடுந்தீவுப் படகு கட்டைவிரல் நகம் அளவுக்குத் தெரிந்தது.

இறங்குதுறையில் நயினாதீவுக்குப் போகிற கூட்டம். தெற்கிலிருந்து யாத்திரை வந்த ஒரு சிங்கள அம்மா கால் செருப்பால் மண்ணைக் கிளறிக் கணவரிடம் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று குகனைக் கேட்டேன்.

"இஞ்சத்தை மண் ஏன் உப்பிடி வெளிறிக் கிடக்கு, சோகை பிடிச்ச பிள்ளை மாதிரி எண்டு கேக்கிறா."

எனக்கு அந்த அம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கலாம் போல இருந்தது. சோகையேதான். குறைச்சல் இரும்புதான். பாறை பல்லாயிரம் வருடம் மழையில் கரையும்போது சுண்ணாம்பும் உப்பும் தண்ணீரோடு போய்விடும். இரும்பு அவ்வளவு லேசில் போகாது. அங்கேயே தங்கித் துருப்பிடித்து, ஒவ்வொரு மணல் துகளுக்கும் மெல்லிய சட்டை போட்டுவிடும். எங்கள் தேரி மண்ணை அமிலத்தில் கழுவினால் சட்டை கழன்று வெள்ளை மணல் அம்மணமாக நிற்கும். துருவிலும் ரகம் உண்டு. வெயிலில் நன்றாகக் காய்ந்தது ஹேமடைட், சிவப்பு. கொஞ்சம் தண்ணீரைத் தன்னுள் பிடித்துவைத்துக்கொண்டது கோதைட், மஞ்சள். நிலம் நீரில் ஊறிக்கொண்டே இருந்தால் இரும்பு கரைந்து நழுவி, சாம்பல் நிறம்தான் மிஞ்சும். இதையெல்லாம் குகனுக்குத் தமிழில் சொன்னேன். அதை அவர் சிங்களத்தில் சொல்வதற்குள் நயினாதீவுப் படகு வந்துவிட்டது.

"நாளைக்கும் படகு இருக்குத்தானே. வேலணையில என்ர சின்னம்மா இருக்கிறா. சாப்பிட்டிட்டுப் போவம்" என்றார் குகன்.

சின்னம்மாவின் பெயர் தவமணி. அறுபதை நெருங்கும் வயது. பெரிய வளவின் நடுவே ஒரு தகரக் கொட்டில், அதற்குப் பக்கத்தில் மூன்று பசுக்கள். புட்டும் மீன் குழம்பும் முருங்கையிலை வறையும் வைத்தார். மீன் குழம்பில் புளி எங்கள் ஊரைவிடக் குறைவு, தேங்காய்ப்பால் அதிகம். வெட்கமில்லாமல் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். பிறகு தேத்தண்ணி வந்தது. எனக்கும் குகனுக்கும் கடையில் வாங்கிய போத்தல் தண்ணீரைக் கொதிக்கவைத்தார். தனக்கு மட்டும் பீப்பாயிலிருந்து மொண்டார். அதைக் கவனித்துவிட்டேன் என்பதை அவரும் கவனித்துவிட்டார்.

"தம்பிக்குப் பழக்கமில்லை, வயித்தைப் பிடுங்கும்" என்றார்.

கிணறு இல்லையா என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாதோ என்று அவர் முகத்தைப் பார்த்ததும் தோன்றியது.

கிணறு இருந்தது. அந்தச் சுற்றில் அது ஒன்றுதான் நல்ல தண்ணிக் கிணறு. சண்டைக் காலத்தில் இவர்கள் இடம்பெயர்ந்து வன்னிக்குப் போனார்கள். வளவில் முகாம் வந்தது. புல்டோசர் வீட்டைத் தள்ளி, கிணற்றைத் தூர்த்து, மேலே வேறு மண் போட்டு நிரவிவிட்டது. கணவர் வன்னியிலேயே போய்விட்டார். காணியைத் திருப்பிக் கொடுத்தபோது கையில் உறுதிப் பத்திரம் இருந்தது, அதில் கிணறும் எழுதியிருந்தது. நிலத்தில் வெறும் பற்றைக்காடு. அக்கம்பக்கத்தவர்கள் வெளிநாட்டில்.

"ரெண்டு இடத்தில வெட்டிப் பாத்தம். ரெண்டும் சவர், வாயில வைக்கேலாத உப்பு. இஞ்சை பத்தடி தள்ளினால் தண்ணி வேறை. தண்ணி வண்டி, பவுசர்காரன் கிழமைக்கு ரெண்டு தரம் வாறான். அது எனக்குக் காணும், மாட்டுக்குக் காணாது. வெள்ளிக்கிழமை மாட்டை வாங்க ஆள் வருகுது தம்பி."

"வித்துட்டு?"

"வித்திட்டு என்ன, வவுனியாவில மகளிட்டைப் போக வேண்டியதுதான். நல்ல பிள்ளை அவள். ஆனா மாடு இல்லாட்டி நான் ஆருக்குத் தவமணி?"

கிணறு எந்தப் பக்கம் என்றாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். அவருக்குக் கொஞ்சம் கோபமே வந்தது.

"ஞாபகமோ? கலியாணம் முடிச்சு வந்த புதிசு, குண்டு போட ஹெலி சுத்துற காலம். பொழுதுபட்டால் விளக்குக் கொளுத்தேலாது. தண்ணி இல்லாமல் இருக்கேலுமே? கிணத்தடியில இருந்து அடுப்படிக்கு இருபத்திமூண்டு காலடி. இருட்டுக்குள்ள எண்ணி எண்ணித்தான் வாறனான். ஒருநாளும் நிலையில இடிச்சதில்லை. அடுப்படியில நிண்டு பாத்தால் கிணத்துக்கு நேர பின்னால கோயில் அரசமரம். அது இப்பவும் நிக்குது, பாரும்."

நின்றது. வளவுக்கு அப்பால், வீதியையும் தாண்டி, நல்ல உயரமாக.

"திசை தெரியும். அடி தெரியும். எங்கையிருந்து எண்ணத் தொடங்கிறதெண்டுதான் தெரியேல்லை" என்றார்.

நான் பேச்சை நிறுத்திவிட்டு, வெட்டிய குழிகளைப் பார்க்கப் போனேன். துக்கத்தில் பங்கெடுக்கத் தெரியாதவன் குழியைத்தான் பார்ப்பான். முதல் குழியில் பார்க்க ஒன்றுமில்லை. இரண்டாவது குழியின் ஓரத்தில், தரையிலிருந்து ஒரு முழம் கீழே, உள்ளங்கை கனத்துக்குச் சிவப்பு தெரிந்தது. சுற்றிலும் வெளிர் மஞ்சள், நடுவில் மட்டும் அந்தச் சிவப்பு.

"செம்பாடு அது" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. கிணறு வெட்டுகிற யோசேப்பு அண்ணை. வேலிக்குக் கம்பு நட வந்தவர். "செம்பாட்டைக் கண்டவுடன நான் துள்ளிப்போட்டன். குடாநாட்டில செம்பாடு எங்கையோ அங்கை தேன் மாதிரித் தண்ணி. உந்தச் சிவப்பை நம்பித்தான் இதில ஆழமா வெட்டினனாங்கள். நாலு விரல் ஆழத்தில சிவப்பு முடிஞ்சுது. கீழ சவர்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டார். குழியில் ஊறிக் கிடந்த தண்ணீரை ஒரு பசு வந்து முகர்ந்துவிட்டு, எங்களைப் பார்த்துவிட்டு, திரும்பிப் போனது. ஒரு பிடி சிவப்பு மண்ணைப் பொலித்தீன் பையில் போட்டுக்கொண்டேன். காரணம் கேட்டிருந்தால் பழக்கதோஷம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

வியாழக்கிழமை காலை நெடுந்தீவுக்குத்தான் கிளம்பினேன். பஸ் நிலையத்துக்கு எதிரே தேத்தண்ணிக் கடையில் ரொட்டி சாப்பிட்டேன். கடைக்காரர் மண் அடுப்பில் விறகு வைத்துச் சுட்டுக்கொண்டிருந்தார். என் கண் வழக்கம்போலத் தரைக்குப் போனது. அடுப்பின் வெளிப்புறம் மஞ்சள் மண். வாய்ப்பக்கம் சிவப்பு. தீ படுகிற இடத்திலிருந்து தள்ளத் தள்ள, சிவப்பு ஆரஞ்சாகி மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். "ருசியில்லையோ?" என்று கடைக்காரர் பதறினார். "ரொம்ப ருசி" என்று சொல்லிக்கொண்டே ஓடினேன். அவர் என்ன நினைத்தாரோ. பக்கத்து ரேடியோ திருத்தும் கடையில் பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்று வாங்கிக்கொண்டு, குகனைப் போனில் எழுப்பினேன். நெடுந்தீவுப் படகு அன்றும் நான் இல்லாமல்தான் போயிற்று.

வேலணையில் தவமணி அக்காவிடம் ஒரு தாச்சி கேட்டேன், எங்கள் ஊர் வாணலிதான். ஏதோ பொரிக்கப் போகிறேன் என்று நினைத்து நல்ல இரும்புத் தாச்சியாகக் கொடுத்தார். வளவில் மஞ்சள் மண் இரண்டு கை அள்ளி அதில் கொட்டியதும் அலறிவிட்டார்.

"ஐயோ, உதில நான் மிளகாய் வறுக்கிறனான்!"

"கழுவித் தாரேன்க்கா. விறகை மட்டும் நல்லாத் தள்ளுங்க."

விறகு திகுதிகுவென்று எரிந்தது. மண்ணைக் கிளறினேன். முதலில் ஆவி போயிற்று. பிறகு ஒரு கருகல் வாசனை. குகன், யோசேப்பு அண்ணை, அக்கா மூவரும் பைத்தியத்தைப் பார்ப்பது போல என்னைச் சுற்றி நின்றார்கள். அரை மணி நேரம் ஆகியும் மண் மாறவில்லை. வியர்த்துக் கொட்டியது. தாச்சியின் அடி சிவந்து பழுக்கிற அளவுக்கு விறகைத் திணித்தோம். அப்புறம்தான் அடியில் இருந்த மண் நிறம் மாறத் தொடங்கியது. மஞ்சள் போய்ச் செங்கல் நிறம் வந்தது. பொலித்தீன் பையிலிருந்த மண்ணைப் பக்கத்தில் கொட்டினேன். இரண்டும் ஒன்றாக இருந்தன.

"அக்கா, குழியில இருக்கறது செம்பாடு இல்லை. உங்க வளவு மண்ணேதான். மஞ்சள் துருவில தண்ணி ஒளிஞ்சிருக்கும். தீயில அந்தத் தண்ணி போனா அது சிவப்புத் துரு. அந்த இடத்துல ரொம்பக் காலம் தீ எரிஞ்சிருக்கு."

காந்தத்தைக் குழியின் சிவப்பில் தேய்த்தேன். கறுப்புத் தாடி முளைத்தது போல மண் ஒட்டிக்கொண்டது. சாம்பலோடும் சருகோடும் சேர்ந்து வெந்த மண் அப்படித்தான் காந்தத்தைப் பிடிக்கும். ஆறடி தள்ளி எடுத்த மஞ்சள் மண்ணில் நாலைந்து மணல் துகள்கூட ஒட்டவில்லை. சிவப்பின் அடி கிண்ணம் போல வளைந்திருந்ததையும், அதன் மேல் மெல்லிய சாம்பல் கோடு ஓடுவதையும் காட்டினேன். பாதிக் கிண்ணத்தை யோசேப்பு அண்ணையின் மண்வெட்டி தின்றுவிட்டிருந்தது. மீதிப் பாதி குழியின் சுவரில் இருந்தது.

அக்கா குழியோரம் குந்தி, அந்தச் சிவப்பில் உள்ளங்கையை வைத்தார்.

"என்ர அடுப்பு" என்றார்.

யோசேப்பு அண்ணை தொப்பியைக் கழற்றினார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைத்து என்ன செய்ய? இருபது வருடத்தில் நான் எழுதிக் கொடுத்த மண் அறிக்கைகளை வடை மடிக்கத்தான் பயன்படுத்துகிறார்கள் என்று ஒரு சந்தேகம் எனக்கு உண்டு.

மற்றதெல்லாம் சுலபம் என்று நினைத்தோம். அக்கா அடுப்புக்குப் பக்கத்தில் நின்று, அரசமரத்தைப் பார்த்து, உரக்க எண்ணிக்கொண்டு நடந்தார். இருபத்துமூன்றில் நின்றார். யோசேப்பு அண்ணை அலவாங்கு என்கிற கடப்பாரையால் குத்தினார். ஒரு முழத்தில் பாறை. கொஞ்சம் இடப்பக்கம் குத்தினார், பாறை. வலப்பக்கமும் பாறை. மாலை வரை பன்னிரண்டு இடத்தில் குத்தியாயிற்று. எங்குமே வெட்டாத, அசையாத சுண்ணாம்புப் பாறை.

"காணும் யோசேப்பு, கையைப் பாரும், கொப்புளிச்சுப் போச்சு" என்று அக்கா நிறுத்தினார். என் பக்கம் திரும்பி, "பறவாயில்லைத் தம்பி. அடுப்பைக் கண்டனான், அது போதும்" என்றார். என்னைத் தேற்றத்தான் சொன்னார். அது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது.

திரும்புகிற வழியில் குகன் சாட்டிக் கடற்கரையில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். குடும்பம் குடும்பமாக அலையில் கால் நனைத்துக்கொண்டிருந்தார்கள். ஐஸ்கிரீம் வாங்கினோம், அது கையிலேயே உருகியது. அமைதியாக விற்றுவிட்டுப் போயிருக்கக்கூடிய ஒரு மனுஷிக்கு ஆசை காட்டி ஏமாற்றிவிட்டேனே என்பதே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. மண் நிறத்தைச் சொல்லத் தெரிந்தவன் அதோடு வாயை மூடியிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை எனக்குக் கடைசி நாள். சனிக்கிழமை காலை விமானம். நெடுந்தீவு ஞாபகமே வரவில்லை. தாச்சியைத் தேய்த்துக் கொடுக்கவில்லை என்று ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு வேலணைக்குப் போனேன். அக்கா தாச்சியைச் சாம்பல் போட்டுத் தேய்த்து ஏற்கெனவே கவிழ்த்து வைத்திருந்தார். யோசேப்பு அண்ணை கையில் துணி சுற்றிக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்திருந்தார்.

அக்கா பீப்பாயில் ஒரு வாளி நிறைய மொண்டு மாட்டுக்குத் தூக்கிக்கொண்டு நடந்தார். கொடுங்கள் என்றேன், கொடுக்கவில்லை. ஒரு பக்கம் சாய்ந்து, தண்ணீர் சிந்தாமல், சின்னச் சின்ன அடியாக வைத்துப் போனார். பாதி வழியில் சட்டென்று நின்றார். வாளியைக் கீழே வைக்கவில்லை. தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி."

"என்னக்கா?"

"நேற்று நான் வெறுங்கையோட நடந்தனான்."

எனக்கு விளங்கவில்லை. யோசேப்பு அண்ணைக்கு விளங்கிவிட்டது. அலவாங்கைத் தேடிக்கொண்டு எழுந்தார்.

"இருட்டுக்குள்ள எண்ணினது நிறைவாளியோட வரேக்கையெல்லோ! போகேக்க ஆர் எண்ணினது?" என்றார் அக்கா.

மாடுகள் காத்திருக்க, அக்கா வாளியோடு அடுப்புக்குப் போனார். சிவப்புக்குப் பக்கத்தில் நின்று அரசமரத்தைப் பார்த்தார். இந்தத் தடவை உரக்க எண்ணவில்லை. உதடு மட்டும் அசைந்தது. பாதியில் கண்ணையும் மூடிக்கொண்டார். ஓரிடத்தில் கால் தானாக நின்றது. நேற்று நின்ற இடத்துக்கு ஏழெட்டு அடி இப்பால்.

யோசேப்பு அண்ணை குத்தினார். அலவாங்கு ஒரு முழம் தாண்டியும் உள்ளே போயிற்று. பிடித்து ஆட்டினார், ஆடியது. "பாறை இல்லை, இடிஞ்ச கல்லு" என்றார். பக்கத்தில் தோண்டினார். கொத்திய கல் ஒன்று வந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று, சற்றே வளைந்து. குகனும் நானும் கையாலேயே மண்ணை அள்ளினோம். மதியத்துக்குள் கிணற்று வாயின் கால்வாசி வட்டம் வெளியே தெரிந்தது. கட்டின் உட்பக்கம் கயிறு தேய்த்த தடம் ஒன்று இருந்தது. அதில் அக்கா விரலை வைத்தார். சரியாகப் பொருந்தியது.

மாட்டை வாங்க வந்தவர் நாலு மணிக்குச் சின்ன லொறியோடு வந்தார். அக்கா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தார்.

"ஒரு மாசம் பொறும். இடிஞ்ச கல்லை அள்ளித் தண்ணியைப் பாக்கோணும். அதுவும் சவரெண்டால் நானே உமக்கு அறிவிப்பன்."

"சவராத்தான் இருக்கும் அக்கா. இத்தனை வருசம் தூர்ந்து கிடந்த கிணறு" என்றார் அவர். கெட்ட மனிதர் இல்லை, உள்ளதைச் சொன்னார். நானும் மனதுக்குள் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மண்ணின் நிறத்தைப் பார்த்துத் தண்ணீரின் ருசியைச் சொல்ல எனக்குத் தெரியாது.

புறப்படும்போது அக்கா ஒரு பொட்டலம் கொடுத்தார். வறுத்த மிளகாய்த் தூள். "அந்தத் தாச்சியிலதான் வறுத்தனான். மண் கடிச்சால் உம்மைத்தான் ஏசுவன்" என்றார். சிரித்தோம். வாசலைத் தாண்டியதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. குகன் கடலைப் பார்த்துக்கொண்டு வண்டியை ஓட்டினார்.

வீட்டில் குதிரைப் படம் இல்லை என்றதும் மகள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்று படகையும் தவறவிட்ட கதையைச் சொன்னால், "மண்ணைப் பாத்துட்டு நின்னியா?" என்று கேட்டாள். என்னை நன்றாக அறிந்தவள். ஆனாலும் கிணற்றுக் கதை அவளைப் பிடித்துக்கொண்டது. தினமும் பள்ளி விட்டு வந்ததும், "தண்ணி வந்துச்சா?" என்பாள். குகனிடமிருந்து செய்தி இல்லை. ஒரு மாதம் தாண்டியது. லொறிக்காரர் வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். நானாகக் கேட்கத் துணியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அலைபேசிக்கு ஒரு வீடியோ வந்தது. நானும் மகளும் சேர்ந்து பார்த்தோம். கிணற்றுக் கட்டின் மேல் ஒரு வாளி. பசு வந்து முகர்ந்தது. தலையைத் தூக்கியது. பசு காதை ஒருமுறை அசைத்துவிட்டு, மூஞ்சியை வாளிக்குள் விட்டது. உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. அது நிற்கவே இல்லை. வாளியின் அடி தரையில் உரசுகிற வரை குடித்தது.

பின்னாலிருந்து தவமணி அக்காவின் குரல் கேட்டது. என்னோடு பேசவில்லை, மாட்டோடு பேசினார்.

"குடி பிள்ளை, குடி. இன்னும் இருக்கு."